நல்ல தண்ணி

விடியற்காலை ஐந்தேகாலுக்கே எங்கள் சொகுசு யாட்டின் டெக்கில் வேலை ஆரம்பித்துவிடும். இரவெல்லாம் அடித்த காற்று படகு முழுக்க உப்பைப் பூசிவிட்டுப் போயிருக்கும். கைப்பிடிக் கம்பியில் விரலை வைத்து இழுத்தால் வெள்ளையாக ஒட்டும். விருந்தாளிகள் காபி குடிக்க மேலே வருவதற்குள் அந்த உப்பு போயாக வேண்டும். பையன்கள் இரண்டு பேர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்திலிருந்து கீழ்நோக்கிக் கழுவிக்கொண்டே வருவார்கள். பின்னாலேயே இன்னொருவர் ஷாமி துணியால் சொட்டு விடாமல் துடைத்துக்கொண்டு வருவார். கண்ணாடியில் ஒரு திட்டுகூடத் தெரியக் கூடாது. நான் கீழே என்ஜின் ரூமில் தண்ணீர் மீட்டர் முன்னால் நிற்பேன். கழுவி முடிக்கும்போது ஒன்றேமுக்கால் டன், அதாவது 1,750 லிட்டர், போயிருக்கும். கடல் தண்ணீர் இல்லை. நல்ல தண்ணி.

எங்கள் ஊர் சாயல்குடிப் பக்கம். அங்கே தண்ணீர் என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் புரியாது. உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா என்று கேட்பார்கள். குளிக்க, பாத்திரம் கழுவ உப்புத் தண்ணி. சோறு பொங்க, குடிக்க நல்ல தண்ணி. என் அம்மா கோடையில் இருட்டோடு எழுந்து போய் மணலில் ஊற்றுத் தோண்டி, கசிகிற தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றிக் கொண்டுவருவார். ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆகும் நாட்களும் உண்டு. அந்த வீட்டில் வளர்ந்தவன் இன்று ஒரு நாளைக்குப் பத்து டன் நல்ல தண்ணி தயாரித்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். பாதிக்கு மேல் துண்டு துவைக்கவும் படகு கழுவவுமே போகிறது.

ஒன்பது வருடம் சரக்குக் கப்பல்களில் ஓடிவிட்டு, நாலு குளிர்காலமாக ஒரு 50 மீட்டர் மோட்டார் யாட்டில் சீஃப் என்ஜினியராக இருக்கிறேன். (50 மீட்டர் இருந்தாலும் எங்களுக்குள் 'படகு' என்றுதான் சொல்வோம்.) முதலாளி வருடத்தில் ஐந்தாறு வாரம் வருவார். மற்ற நாட்களில் சார்ட்டர், அதாவது வார வாடகை. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை தெற்குக் கரீபியனில் கிரெனடா, கிரெனடீன் தீவுகள், செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா என்று சுற்றுவோம். ஊருக்குப் போகும்போதெல்லாம் நண்பர்கள் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்ன செலவாகும், யார் வருவார்கள், எங்கே போவீர்கள் என்று. யார் வருவார்கள் என்பதைச் சொல்ல முடியாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் பணம். எங்கள் அளவுள்ள படகுக்குக் குளிர்காலத்தில் ஒரு வாரத்துக்கு 2 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் வாடகை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் இன்னும் அதிகம், அதுவும் பல மாதம் முன்பே புக் ஆகிவிடும். இது வெறும் படகுக்கும் ஆட்களுக்கும்தான். டீசல், சாப்பாடு, குடிவகை, துறைமுகக் கட்டணம் எல்லாம் தனி. அதற்காக வாடகையில் 30 சதவீதம் போல ஒரு தொகையை முன்கூட்டியே வாங்கி கேப்டன் கையில் கொடுத்துவிடுவார்கள். இதை ஏபிஏ என்பார்கள். கேப்டன் ஒவ்வொரு ரசீதையும் வைத்துக் கணக்கு எழுதுவார். வாரக் கடைசியில் மிச்சம் இருந்தால் திருப்பிக் கொடுப்பார், குறைந்தால் கேட்டு வாங்குவார். கடைசி நாளில் ஊழியர்களுக்கு டிப்ஸ். கட்டாயம் இல்லை, ஆனால் வாடகையில் பத்து சதவீதத்தை ஒட்டிக் கொடுப்பது வழக்கத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் பெரும்பாலும் மைபா என்ற புரோக்கர் சங்கம் வகுத்த படிவத்தில்தான் இருக்கும். கையெழுத்தாகும்போது பாதி, புறப்படுவதற்கு முன் மீதி. பன்னிரண்டு விருந்தாளிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. பன்னிரண்டைத் தாண்டினால் சர்வதேசச் சட்டப்படி அது பயணிக் கப்பல், அதற்குரிய விதிகள் முழுக்க வேறு. அதனால்தான் எங்கள் அளவுள்ள யாட்டில் ஆறு அறைக்கு மேல் அபூர்வமாக இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பேருக்கு எங்கள் படகில் வேலை செய்ய நாங்களும் பன்னிரண்டு பேர்.

இவ்வளவு செலவழிக்கத் தேவையில்லாத வழிகளும் உண்டு. கேப்டனும் சமையல்காரரும் மட்டும் இருக்கும் கேட்டமரான்களை நாலு குடும்பம் சேர்ந்து எடுப்பது இங்கே சாதாரணம். கட்டுமரம் என்ற நம் சொல்தான் உலகம் சுற்றி இங்கே கேட்டமரானாக மிதக்கிறது. ஒவ்வொரு விரிகுடாவிலும் இருபது முப்பது நிற்கும். அதில் ஒன்றில் போய்க் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு சுற்றுவதுதான் இந்தக் கடலைப் பார்க்க நல்ல வழி என்று எனக்குத் தோன்றும். மோட்டார் யாட்டில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள், உண்மையைச் சொல்கிறேன்.

ஏன் குளிர்காலம் என்றால், ஜூன் முதல் நவம்பர் முடிய இங்கே புயல் காலம். அப்போது படகுகள் மத்தியதரைக் கடலுக்குப் போய்விடும். நவம்பரில் கேனரி தீவுகளிலிருந்து கிளம்பிக் கிட்டத்தட்ட 2,700 கடல் மைல் அட்லாண்டிக்கைக் கடந்து திரும்பி வரும். வந்து சேர்வதற்கும் காற்று சீராவதற்கும் சரியாக இருக்கும். டிசம்பர் தொடங்கி கிழக்கிலிருந்து, கொஞ்சம் வடகிழக்கிலிருந்து, இராப்பகலாக ஒரே காற்று. 15 முதல் 20 நாட், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல் வேகம், சாதாரணம். கிறிஸ்துமஸை ஒட்டி 25, 30 வரை போகும். அதைக் கிறிஸ்துமஸ் காற்று என்றே சொல்கிறார்கள். தீவுகள் தெற்கு வடக்காக வரிசையாக நிற்கின்றன, காற்று குறுக்கே வருகிறது. பாய்மரக்காரர்களுக்கு இதைவிடத் தோதான அமைப்பு கிடையாது. போகும்போதும் விலாவில் காற்று, வரும்போதும் விலாவில் காற்று. எங்களுக்கோ அதே காற்றால் தீவுகளுக்கு நடுவில் குலுக்கலும் டெக்கில் உப்பும் மிச்சம்.

இந்தக் காலத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. ஜனவரி முதல் மே வரை இங்கே வறட்சிக் காலம். விருந்தாளிகளுக்கு அதனால்தான் இது நல்ல காலம், மழை பெய்து பயணம் கெடாது. ஆனால் கிரெனடீன் தீவுகளில் ஆறு கிடையாது. கிரெனடாவிலும் செயின்ட் வின்சென்ட்டிலும் உயரமான மலையும் காடும் இருப்பதால் ஓடை ஓடுகிறது. நடுவில் இருக்கிற சின்னத் தீவுகளில் பெரும்பாலான வீடுகள் கூரையில் விழும் மழையைத்தான் குழாய் வழியாகத் தொட்டியில் இறக்கி வருடம் முழுக்கப் புழங்குகின்றன. கூரைதான் அவர்களுக்கு ஊரணி. நாங்கள் பத்து டன் செய்து பத்து டன் செலவழிக்கிற அதே மாதங்களில் கரையில் தொட்டியின் மூடியைத் திறந்து குச்சியை விட்டு அளவு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் சொல்லப்போகும் வாரம் 2025 ஜனவரியில் வந்தது. அதற்கு ஆறு மாதம் முன், 2024 ஜூலை 1 அன்று, பெரில் புயல் கிரெனடாவுக்கு வடக்கே உள்ள கேரியாக்கூ தீவில் நாலாம் வகைப் புயலாகக் கரையேறியிருந்தது. பல படகுக் காப்பீட்டு பாலிசிகளில் 12 பாகை 40 கலை வட அட்சக்கோட்டுக்குத் தெற்கே இருந்தால் புயல் காலத்திலும் காப்பீடு செல்லும் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். கேரியாக்கூ அந்தக் கோட்டுக்குத் தெற்கேதான் இருக்கிறது. கிரெனடாவும்தான். 2004 செப்டம்பரில் ஐவன் புயல் அங்கே ஜாதிக்காய் மரங்களைப் பெரும்பாலும் வேரோடு சாய்த்தது. தேசியக் கொடியிலேயே ஜாதிக்காயை வரைந்து வைத்திருக்கும் நாடு அது. புயலுக்குக் கோடு தெரியாது என்பதை இந்தத் தீவுக்காரர்கள் இரண்டு முறை அனுபவித்துவிட்டார்கள்.

கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜஸ் துறையில் விருந்தாளிகள் ஏறினார்கள். மூன்று தலைமுறைக் குடும்பம், பத்துப் பேர். வருவதற்கு முன்பே விருப்பப் பட்டியல் வந்துவிடும். யாருக்கு எந்தப் பால், எந்தத் தலையணை, எந்தப் பூ ஆகாது, எந்தக் குழந்தைக்கு இருட்டு பயம் என்பது வரை அதில் இருக்கும். சமையல் அறைக்காரர்கள் இரண்டு நாள் சந்தைக்கு அலைவார்கள். எனக்கு அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் முக்கியம்: 'நீண்ட நேரம் குளிப்பார்கள்'. அந்த வரி இருந்தது.

ஆனால் நான் நிம்மதியாக இல்லை. எங்களிடம் வாட்டர்மேக்கர் இரண்டு. ஒவ்வொன்றும் 24 மணி நேரத்தில் 10 டன் தரும். சென்னைக்குப் பக்கத்தில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் நடப்பது எதுவோ அதுதான் இங்கேயும் சின்னதாக நடக்கிறது. கடல் தண்ணீரை ஃபில்டரில் வடிகட்டி, 55, 60 பார் அழுத்தத்தில் மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வுக்குள் தள்ளினால் உப்பு ஒரு பக்கம் நின்றுவிடும், நல்ல தண்ணி மறுபக்கம் கசியும். முதல் மெஷினின் மோட்டார் கிறிஸ்துமஸுக்கு முன் எரிந்துவிட்டது. புது மோட்டார் வழியில் எங்கேயோ கஸ்டம்ஸில் நின்றுகொண்டிருந்தது. ஒற்றை மெஷினை நம்பிக் கிளம்பினோம். கேப்டனிடம் சொன்னேன். தொட்டிகள் நிறைந்திருக்கின்றனவா என்று கேட்டார். நிறைந்திருக்கின்றன என்றேன். சரி, பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

கிரெனடாவை விட்டு வடக்கே போகும்போது கிக் எம் ஜென்னி என்ற இடத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். கடலுக்கடியில் இருக்கும் எரிமலை, கிரெனடாவின் வடக்குக் கரையிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர். 1939இல் வெடித்தபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. அது தூங்கிக்கொண்டிருந்தாலும் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் எந்தப் படகும் போகக் கூடாது. அடியிலிருந்து வாயு குமிழ் குமிழாகக் கிளம்பினால் தண்ணீரின் அடர்த்தி குறைந்து, மிதக்கிற படகு மிதக்க முடியாமல் போகும். கடல் வரைபடத்தில் வட்டம் போட்டிருப்பதைக் காட்டியதும் குழந்தைகள் மூவரும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு அரைமணி நேரம் கடலையே பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை, அலைதான். ஆனாலும் யாரும் நகரவில்லை.

கேரியாக்கூவில் இறங்கவில்லை. கரையோரமாகப் போனோம். மலைச்சரிவில் நீல நிறத் தார்ப்பாய்கள் இன்னும் கூரைகளாக இருந்தன. மரங்கள் துளிர்த்துவிட்டன, வீடுகள்தான் துளிர்க்கவில்லை.

மறுநாள் டொபாகோ கேஸ். இந்தப் பயணத்துக்காக மக்கள் செலவழிக்கும் பணத்தில் பாதி இந்த ஒரு இடத்துக்காகத்தான் என்று சொல்லலாம். ஆள் வசிக்காத ஐந்து குட்டித் தீவுகள், அவற்றில் நாலுக்குக் கிழக்கே குதிரை லாடம் போல வளைந்த ஒரு பவளத் திட்டு. அதற்கப்பால் இருக்கும் ஐந்தாவது தீவைத் தாண்டினால் ஆப்பிரிக்கா வரை நிலம் கிடையாது. அட்லாண்டிக் முழுக்க ஓடி வருகிற அலை அந்தத் திட்டில் மோதி வெள்ளையாக உடைந்து அங்கேயே நின்றுவிடும். உள்ளே குளம் போல் தண்ணீர். காற்று மட்டும் தடையில்லாமல் வரும். கண்ணெதிரே கொந்தளிக்கும் கடல், காலடியில் அசையாத தண்ணீர், நடுவில் ஒரு சுவர்கூட இல்லை. நாலு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் கண்ணுக்குப் பழகவில்லை. செயின்ட் வின்சென்ட் அரசு 1997இல் இதைக் கடல் பூங்காவாக அறிவித்தது. பெரடால் தீவுக்கு முன்னால் மிதவை கட்டிய பகுதியில் பச்சை ஆமைகள் கடற்புல் மேய்கின்றன. நாம் மிதந்துகொண்டே பார்த்தால் மாடு மேய்கிற மாதிரியே தலையைச் சாய்த்துப் புல்லை இழுக்கும், பிறகு சாவகாசமாக மேலே வந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டுக் கீழே போகும். மாலையில் பெட்டி பேட்டோ தீவின் மணலில் உள்ளூர்க்காரர்கள் லாப்ஸ்டரை, அதாவது சிங்கி இறாலை, சுட்டுத் தருவார்கள். மே முதல் ஆகஸ்ட் வரை அதைப் பிடிக்கத் தடை, குளிர்காலத்தில் கிடைக்கும். புயலுக்குப் பிறகு அவர்களில் பலருக்குப் படகே மிஞ்சவில்லை என்று அங்கே ஒருவர் சொன்னார். அவர் கடன் வாங்கிய படகில் வந்திருந்தார்.

அன்று இரவு பதினொன்றரைக்கு அலாரம் அடித்தது.

வாட்டர்மேக்கரில் அழுத்தம் ஏறவில்லை. 58 பாரில் இருக்க வேண்டியது 35, கண்ணெதிரே 30. முதலில் ஃபில்டர் அடைத்திருக்கும் என்று நினைத்து மாற்றினேன். இல்லை. டார்ச்சை அடித்துப் பார்த்தால் பம்பின் தலைக்குக் கீழே மெல்லிய விசிறி போலத் தண்ணீர் பீய்ச்சுகிறது. எண்ணெய் பார்க்கும் கண்ணாடியில் பழுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், டீக்கடைப் பால் மாதிரி வெளுத்திருந்தது. சீல் போய் உப்புத் தண்ணீர் பம்புக்குள் இறங்கிவிட்டது. அதற்கு மேல் ஓட்டினால் பம்ப் மொத்தமும் போய்விடும். நிறுத்தினேன். தொட்டியில் 8 டன் இருந்தது. எங்கள் செலவுக்கு ஒரு நாள்கூட முழுசாக வராது.

கேப்டனை எழுப்பினேன். என் தவறும் இதில் இருந்தது. இந்தப் பம்பின் சீல்களை நவம்பரில், அட்லாண்டிக்கைக் கடந்து வந்தவுடன் மாற்றியிருக்க வேண்டும். ஓடுகிறதே, ஏப்ரலில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவன் நான்தான். அதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இப்போது என்ன செய்யலாம், சீஃப்?" என்று மட்டும் கேட்டார்.

ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. இயந்திரக் கோளாறால் 12 மணி நேரத்துக்கு மேல் படகைச் சரியாகப் பயன்படுத்த முடியாமல் போனால் அந்த நேரத்துக்கான வாடகையைத் திருப்பித் தர வேண்டி வரும். தண்ணீர் இல்லாத படகைச் சரியாகப் பயன்படுத்த முடிந்தது என்று எந்த வக்கீலும் வாதாட மாட்டார். பக்கத்தில் இருக்கிற பெரிய தீவு யூனியன், ஐந்து கடல் மைல். முன்பெல்லாம் அவசரம் என்றால் கிளிஃப்டன் துறையில் தண்ணீர் விலைக்கு வாங்கியிருக்கிறோம். பெரில் புயலில் யூனியன் தீவின் வீடுகளில் 90 சதவீதம் கடுமையாகச் சேதமடைந்தன அல்லது அழிந்தன என்று அப்போது பிரதமராக இருந்த ரால்ஃப் கொன்சால்வஸ் சொல்லியிருந்தார். காலையில் கேப்டன் ஏஜென்ட்டைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல விலை கொடுத்தால் ஏதாவது ஏற்பாடு செய்ய முடியும் என்றார் ஏஜென்ட். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். கேப்டன் என்னைப் பார்த்தார். என் மனதில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியுமா, தெரியாது. எனக்குக் குடமும் கொட்டாங்குச்சியும்தான் கண்முன் நின்றன. "வேண்டாம், அங்கிருந்து ஒரு லிட்டர்கூட எடுக்க வேண்டாம்" என்று சொல்லி போனை வைத்தார். இந்த மனிதரோடு இன்னும் எத்தனை வருடம் வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று அந்த நிமிடம் நினைத்தேன்.

காலை உணவின்போது அவரே போய் விருந்தாளிகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். எங்களிடம் தண்ணீர் குறைவு, பக்கத்துத் தீவில் அதைவிடக் குறைவு, என்ஜினியர் சரிசெய்துகொண்டிருக்கிறார் என்று. அவர்கள் எழுந்து கத்தலாம், புரோக்கரைக் கூப்பிடலாம். பாட்டிதான் முதலில் பேசினாராம். சின்ன வயதில் தன் வீட்டில் ஒரே தொட்டித் தண்ணீரில் ஐந்து பேர் குளித்ததைச் சொன்னாராம். அன்று வாஷிங் மெஷின் ஓடவில்லை, டெக் கழுவவில்லை, நாங்கள் குளிக்கவே இல்லை. யாட்டில் துணியைக் கம்பியில் காயப்போடவே மாட்டார்கள், அது கௌரவக் குறைச்சல். அன்று பின்தளக் கம்பியில் பதினாறு துண்டுகள் வரிசையாகக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. பாட்டியே கிளிப் போட்டாராம். தலைமைப் பணிப்பெண் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்.

நான் கீழே இருந்தேன். யோசனை எளியதுதான். முதல் மெஷினின் மோட்டார்தான் எரிந்தது, அதன் பம்ப் நன்றாக இருக்கிறது. இரண்டாவதின் பம்ப் போய்விட்டது, மோட்டார் நன்றாக இருக்கிறது. இந்த மோட்டாரைக் கழற்றி அந்தப் பம்போடு மாட்ட வேண்டும். சொல்வதற்கு ஒரு வரி, செய்வதற்கு ஒன்பது மணி நேரம் ஆனது. என்ஜின் ரூமில் 42 டிகிரி. அடித்தட்டில் இருந்த நாலு போல்ட்டுகளில் ஒன்று உப்பில் இறுகி, ஸ்பானர் வழுக்கி வழுக்கித் தலை உருண்டையாகிவிட்டது. அதை மட்டும் அறுத்தெடுக்க ஒன்றரை மணி நேரம். பிறகு மோட்டார் அச்சும் பம்ப் அச்சும் ஒரே கோட்டில் வர வேண்டும். மயிரிழை பிசகினால் இரண்டையும் இணைக்கிற கப்ளிங் ஒரே நாளில் தேய்ந்துவிடும். மெல்லிய தகடுகளைக் கத்தரித்து அடியில் கொடுத்து, டயல் கேஜை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மறுபடி கழற்றி, மறுபடி கொடுத்து. நடுவில் கேப்டன் வந்து ஓய்வு நேரக் கணக்கைக் காட்டி என்னை நாலு மணி நேரம் படுக்க அனுப்பிவிட்டார். 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு என்பது கடல் தொழிலாளர் சட்டம். கோபம் வந்தது, ஆனால் அவர் செய்ததுதான் சரி. தூக்கக் கலக்கத்தில் 60 பார் அழுத்தத்தோடு விளையாடக் கூடாது.

மாலை ஐந்து மணிக்கு ஸ்விட்ச் போட்டேன். 20, 35, 50, 57. நின்றது. முதலில் வருகிற தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் மெஷின் அதைத் தானே வெளியே விட்டுவிடும். உப்பளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியதும் வால்வு திரும்பித் தொட்டிக்கு அனுப்பும். அந்த 'டக்' என்ற சத்தம் கேட்கும்வரை நானும் என் உதவியாளரும் பேசவில்லை.

அடுத்த நாள் அந்தக் குழந்தைகள் மெஷினைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்களாம். காதுக்குக் கவசம் போட்டுக் கூட்டிவந்தார்கள். மூன்று டம்ளர் கொடுத்தேன். ஒன்றில் கடல் தண்ணீர், ஒன்றில் மெம்பிரேனிலிருந்து மிஞ்சி வெளியே போகும் கெட்டி உப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணி. ஒவ்வொன்றிலும் விரலை விட்டு நக்கிப் பார்க்கச் சொன்னேன். கடைசி டம்ளரைப் பெரிய பையன் முழுக்கக் குடித்துவிட்டு, "இதுவா நேற்று இல்லாமல் போனது?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

மீதிப் பயணம் நன்றாகவே போனது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மஸ்டிக் தீவில் ஒரு நாள். 1958இல் காலின் டெனன்ட் என்ற பிரிட்டிஷ்காரர் அந்தத் தீவை 45,000 பவுண்டுக்கு வாங்கி, 1960இல் பிரிட்டிஷ் இளவரசி மார்கரெட்டுக்குக் கல்யாணப் பரிசாக அங்கே நிலம் கொடுத்தார். பிறகு அது பணக்காரத் தீவாகிவிட்டது. பெக்வேயில் இரண்டு நாள், அட்மிரல்டி விரிகுடாவில். அங்கே மலைச்சரிவு வீடுகளைப் பார்த்தால் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கான்கிரீட் அறை இருக்கும், கதவு ஜன்னல் இல்லாமல். அதுதான் தண்ணீர்த் தொட்டி. வீட்டைத் தொட்டியின் மேல் கட்டுகிறார்கள். பிறகு செயின்ட் வின்சென்ட்டின் கிங்ஸ்டவுன். காய்கறிச் சந்தையில் என் முகத்தைப் பார்த்து ஒரு பெரியவர் எந்த ஊர் என்றார். மெட்ராஸ் பக்கம் என்றேன். எங்கள் ஆட்களும் அங்கிருந்துதான் என்றார். 1861 ஜூன் 1 அன்று மதராசிலிருந்து 'டிராவன்கோர்' என்ற கப்பல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு இங்கே வந்தது. ஜூன் 1 இன்றும் அங்கே இந்தியர் வருகை நாள். அவருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியவில்லை. முருங்கைக்காயை மட்டும் சும்மா கொடுத்தார், காசு வாங்கவில்லை. அன்று இரவு ஊழியர் மெஸ்ஸில் சாம்பார் வைத்தேன்.

விருந்தாளிகள் இறங்கிய பிறகு அடுத்த சார்ட்டருக்கு நாலு நாள் இடைவெளி. கேப்டன் யூனியன் தீவின் மேற்கே சாத்தம் விரிகுடாவில் நங்கூரம் போடச் சொன்னார். அங்கே கடல் சுத்தமாக இருக்கும். துறைமுகத்துக்குள் வாட்டர்மேக்கரை ஓட்டக் கூடாது, எண்ணெய் மெம்பிரேனில் ஏறினால் அதோடு போச்சு. "நமக்குப் போக எவ்வளவு மிஞ்சும்?" என்று கேட்டார். விருந்தாளிகள் இல்லாததால் ஒரு நாளைக்கு ஐந்தாறு டன் என்றேன். 20 லிட்டர் கேன்கள் எங்களிடம் முப்பது இருந்தன. டெண்டர் என்கிற எங்கள் சின்னத் துணைப் படகில் ஏற்றி, தீவைச் சுற்றித் தெற்கே ஆஷ்டன் ஊருக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள், நாளைக்கு நாலு நடை. ஏழு டன்னுக்குச் சற்று அதிகம். ஒரு நாள் செலவில் முக்கால் பங்குகூட வராது எங்களுக்கு. கேன்களைச் சுமந்து மேட்டில் ஏறும்போதுதான் ஒரு டன் என்றால் எவ்வளவு என்று கைக்குத் தெரிந்தது. கைக்கும் அம்மாவின் இடுப்புக்கும்.

கடைசி நடையில் மேட்டின் உச்சியில் ஒரு வீடு. பாதிக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தது, மீதிக்குத் தார்ப்பாய். அந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். ஒரு கப்பில் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, "ருசியே இல்லையே தம்பி" என்றார். மழைத் தண்ணீருக்கு ஒரு ருசி உண்டு, இதற்கு இல்லை என்றார். எனக்கும் அது தெரியும் என்றேன். எங்கள் ஊற்றுத் தண்ணீருக்கும் ருசி உண்டு. கேன்களைச் சமையலறை டிரம்மில் ஊற்றச் சொன்னார். வெளியே தொட்டி கிட்டத்தட்டக் காலி. கூரை போன அன்றைக்கே மழைத் தண்ணீரும் போயிற்று, ஆறு மாத மழை தரையில் விழுந்து கடலுக்குப் போய்விட்டது என்றார். மகன் ஏணியில் நின்று புதுத் தகரத்தின் ஓரத்தில் பிவிசி குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தார். இரண்டு ஸ்க்ரூ போட்டிருந்தார், மீதி போடவில்லை.

அப்போது கிழக்கே கடல்மேல் ஒரு கறுத்த திட்டு வந்தது. வறட்சிக் காலத்திலும் இப்படி எப்போதாவது ஒரு பத்து நிமிட மழை வரும். படகில் இருந்தால் மெத்தைகளை உள்ளே எடுக்க ஓடுவோம். காற்று குளிர்ந்தது, தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன, பிறகு ஒரே இரைச்சல். ஓரத்தில் திரண்ட தண்ணீர் பொருத்தாத குழாயைத் தள்ளிக்கொண்டு வெளியே கொட்டியது. மகன் ஏணியிலிருந்து இறங்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு, குழாயின் வாயை இரண்டு கைகளாலும் பிடித்துத் தொட்டியின் திறப்புக்கு நேராக அழுத்திக்கொண்டு நின்றார். சட்டையெல்லாம் நனைந்து ஒட்டியது. உள்ளே காலித் தொட்டியின் தரையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, முதலில் டமடமவென்று, பிறகு கொஞ்சம் கனமாக. அந்த அம்மா வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வெறும் கேன்களைக் கையில் பிடித்தபடி மழையிலேயே நின்றோம். மழை விடும்வரை அவர் கையை எடுக்கவில்லை.